அவசர உதவி: ஹவுஸ் ஓனர் மேஜையில் தண்ணீர் வட்டம்

மாடி_போர்ஷன் (செவ்வாய், காலை 7.12)
வணக்கம். மர மேஜையில் தண்ணீர் வட்டம் விழுந்துவிட்டது. துடைத்தும் போகவில்லை. மேஜை என்னுடையது இல்லை, ஓனருடைய அப்பா காலத்துத் தேக்கு. ஞாயிற்றுக்கிழமை வாடகை வாங்க மேலே வருவார். என்ன போட்டால் போகும்? ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

சமையல்கட்டு (7.31)
தேங்காய் எண்ணெயைத் தடவி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பழைய பனியன் துணியால் துடைத்தால் போயே போச்சு. எங்கள் வீட்டு டீப்பாயில் பார்த்தது.

உளியோசை (7.50)
வட்டம் வெள்ளையா, கறுப்பா? என்ன பாலிஷ்? மேலே என்ன வைத்தீர்கள், எவ்வளவு நேரம்? படம் இருந்தால் போடுங்கள். இது தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

பழையமரம் (8.05)
இதே கேள்வி மாதம் நாலு தடவை வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. முதலில், அது தேக்கு என்று யார் சொன்னது? ஓனர் சொன்னாரா? ஓனர்கள் எல்லா மரத்தையும் தேக்கு என்றுதான் சொல்வார்கள்.

உளியோசை (8.11)
வேங்கையாகவே இருக்கட்டுமே அண்ணா, வட்டம் வட்டம்தானே.

லேப்கோட் (9.40)
நிறம் ஏன் முக்கியம் என்றால், வெள்ளை வட்டத்தில் ஈரம் பாலிஷ் படலத்துக்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சம் அங்கே சிதறுவதால் வெளுப்பாகத் தெரிகிறது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு என்றால் தண்ணீர் மரம் வரை இறங்கிவிட்டது. அதோடு இரும்பும் சேர்ந்தால் மரத்தின் துவர்ப்புச் சத்தோடு கூடி மை மாதிரி கறுத்துவிடும். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாற்றையும் இரும்புக் கரைசலையும் சேர்த்துக் கறுப்பு எடுக்கிறார்களே, அதே வேலைதான்.

மாடி_போர்ஷன் (பகல் 1.20)
வெள்ளைதான். காபி டபரா, சூடாக வைத்தது. கறுப்பும் ஒன்று இருக்கிறது, ஓரத்தில், மணி பிளான்ட் தொட்டி வைத்த இடம். சொல்லவில்லையா? பாலிஷ் என்ன என்று தெரியாது. நேற்று சானிடைசர் போட்டுத் துடைத்தேன், பிசுபிசு என்று ஆனதால் விட்டுவிட்டேன்.

உளியோசை (1.34)
இதைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும்! சானிடைசரில் இருப்பது ஆல்கஹால். அது பட்டுப் பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், ஸ்பிரிட் பாலிஷ் என்போமே, அதுதான். மெலமைனோ பியூவோ (பாலியூரித்தேன்) மாதிரி கெட்டிப் பாலிஷ் போட்டிருந்தால் இப்படி லேசில் இளகாது. இனி சானிடைசர் பக்கம் போகாதீர்கள்.

வெள்ளைக்கு: பிசுபிசுப்பு நன்றாகக் காயட்டும், ஒரு நாள் தொடாதீர்கள். பிறகு வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து வட்டத்தின் மேல் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஐந்து நொடி வையுங்கள். எடுத்துப் பாருங்கள், மறுபடி வையுங்கள். நீராவி கூடாது. அரக்கு சூட்டில் இளகும், அதிக நேரம் வைத்தால் துணியின் நெசவு அப்படியே பதிந்துவிடும். பயமாக இருந்தால் தலைமுடி காயவைக்கும் டிரையர் போதும், நேரம்தான் பிடிக்கும்.

சமையல்கட்டு (2.02)
எண்ணெய் தடவினாலே போகும், ஏன் இத்தனை பாடு?

லேப்கோட் (2.15)
சில சமயம் போகும்தான். ஆனால் தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, பிசுக்காகவே நிற்கும், தூசி ஒட்டும்.

நெல்லை_கிளாஸ் (2.40)
இதற்கெல்லாம் ஒரே வழி மேஜை அளவுக்குக் கண்ணாடி வெட்டிப் போடுவது. 5 மி.மீ. போதும், ஓரம் மழுக்கித் தருவோம்.

பழையமரம் (2.58)
கண்ணாடியா? அதன் ஓரத்தில் சிந்திய தண்ணீர் அடியில் புகுந்தால் வெளியே வர வழியே இல்லை. ஒரு வாரம் கழித்துத் தூக்கினால் மேஜை முழுக்க வட்டம்தான். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

நெல்லை_கிளாஸ் (3.06)
நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு வைத்தால் காற்று போகும் சார். எங்கள் கடை மேஜையே சாட்சி.

பழையமரம் (3.09)
உங்கள் கடை மேஜை சன்மைக்கா.

நெல்லை_கிளாஸ் (3.10)
அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

உளியோசை (3.45)
கண்ணாடிச் சண்டைக்குத் தனி இழை தொடங்குங்கள். கறுப்பு வட்டத்துக்கு வருகிறேன். மாடி_போர்ஷன், தொட்டி மண்ணா, பிளாஸ்டிக்கா? அடியில் ஏதாவது இருந்ததா?

மாடி_போர்ஷன் (இரவு 9.15)
இரும்பு ஸ்டாண்ட். துரு பிடித்தது. அது முக்கியமா?

லேப்கோட் (9.22)
😀

உளியோசை (9.48)
முக்கியம்தான். இதற்குச் சூடும் எண்ணெயும் உதவாது. அந்த இடத்தில் பாலிஷை முழுக்க எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் ஆசிட் தூளை வெந்நீரில் கரைத்துத் தடவி, கறுப்பு வெளுத்ததும் பலமுறை கழுவி, காயவைத்து, மறுபடி பாலிஷ் ஏற்ற வேண்டும். அந்தத் தூள் விஷம். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூக்குக்குத் துணி இல்லாமல் தொடக் கூடாது. பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அடுத்தவர் மேஜையில் முதல் தடவையாக இதைச் செய்து பார்க்காதீர்கள். பாலிஷ்காரரைக் கூப்பிடுங்கள், அல்லது ஓனரிடம் சொல்லிவிடுங்கள்.

பழையமரம் (10.05)
முதல் தடவையாக உளியோசை சரியாகச் சொல்லியிருக்கிறார். இனி டபராவுக்கு அடியில் துணியோ கார்க்கோ வையுங்கள், தொட்டிக்குக் கீழே விளிம்பு உள்ள தட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை மெழுகு தேய்த்தால் சிந்திய தண்ணீர் மணியாக உருளும், துடைக்க நேரம் கிடைக்கும். அவ்வளவுதான், கண்ணாடி வேண்டாம்.

நெல்லை_கிளாஸ் (10.07)
மறுபடியுமா?

சமையல்கட்டு (வெள்ளி, காலை 8.00)
என்ன ஆச்சு? ஆள் சத்தமே இல்லை.

மாடி_போர்ஷன் (திங்கள், காலை 7.05)
வெள்ளை போய்விட்டது, இஸ்திரிப் பெட்டி நாலு தடவை. எல்லாருக்கும் நன்றி. கறுப்பின் மேல் மணி பிளான்ட்டையே திரும்ப வைத்துவிட்டேன். ஓனர் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது என்றார்.

உளியோசை (7.09)
அடியில் தட்டு வைத்தீர்களா?

உளியோசை (புதன், இரவு 9.30)
ஹலோ?