கழட்டிப் பூட்டின கிரைண்டரில நெருப்பு வளையம், உதவி தேவை

வணக்கம். திருகோணமலை சாம்பல்தீவுப் பக்கம் ஃபைபர் போட் திருத்துற வேலை செய்யிறன். என்ட 4 இஞ்சி ஆங்கிள் கிரைண்டர் 850 வாட், 230 வோல்ட், வாங்கி 14 மாதம்.

ரெண்டு கிழமைக்கு முன்னம் முன் பெயாரிங் இரையத் தொடங்கிச்சு. கழட்டினா உள்ளுக்க ஃபைபர் தூள் மாவு மாதிரி அப்பிக் கிடந்தது, கிறீஸ் கட்டியாப் போயிருந்தது. துடைச்சு, புதுப் பெயாரிங் போட்டுப் பூட்டினன். அண்டையில இருந்து கொமியூட்டேட்டரை (மோட்டர்த் தண்டில கார்பன் உரசிற செப்புத் தகட்டு வளையம்) சுத்தி நெருப்பு வளையம். டிஸ்க் இல்லாம ஓட்டினாலும் ரெண்டு நிமிசத்தில கை வைக்க ஏலாத சூடு, வார்னிஷ் கருகிற மணம்.

கார்பன் பிரஷ் புதுசு. கொமியூட்டேட்டரை 600 நம்பர் தாளால துடைச்சு, இடுக்குகளையும் சுரண்டி எடுத்திட்டன். ஆமேச்சரில (மோட்டரில சுழலுற கொயில் பகுதி) அடுத்தடுத்த செப்புத் தகடுகள் மீற்றரில ஒரே அளவுதான் காட்டுது, தண்டோட ஷோர்ட் இல்லை. ஆனா ஃபீல்ட் கொயில் (சுழலாம ஹவுசிங்கோட நிக்கிற கொயில்) ரெண்டில ஒண்டு 2.1 ஓம், மற்றது 1.5.

கொழும்பு ஏஜென்டுக்கும் எழுதிப் பார்த்தன். திறந்த மெசினுக்கு வொறண்டி இல்லையாம், கொயில் தனியாத் தரேலாதாம், முழு மோட்டரும் வாங்கட்டாம். அந்தக் காசுக்குப் புதுசே எடுக்கலாம். கியரும் ஹவுசிங்கும் நல்லா இருக்கேக்க எறிய மனம் வரேல்ல.

இந்த 0.6 ஓம் வித்தியாசத்தை வச்சு ஃபீல்ட் கொயில்தான் பிழை எண்டு முடிவெடுத்துப் புதுசாக் கம்பி சுத்தக் குடுக்கலாமா, இல்லாட்டி ஆமேச்சரையும் சந்தேகப்படவேணுமா?