சர்ச் பார்க்கிங்கை ஒட்டிய வீடு: "ஆறு நாள் காலி" என்பது யார் கணக்கு?

தாமிரபரணிக்கரை:
பாளையங்கோட்டையில் வீடு தேடும் தம்பி ஒருவர், சர்ச் வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஒரே மதில் சுவரோடு இருக்கும் வீட்டை வாங்கலாமா என்று நேற்று கேட்டிருந்தார். அதற்கு சமாதானபுரத்தான் எழுதிய பதில்: "தாராளமாக வாங்குங்கள். ஞாயிறு காலை மூணு மணி நேரம் வண்டி நிற்கும். மீதி ஆறு நாளும் காலி மைதானம், காத்து பிய்த்துக்கொண்டு வரும்."

எந்த ஊரில் ஆறு நாள் காலி? வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், சனி சாயங்காலம் பாடகர் குழு பயிற்சி, இடையில் பெண்கள் ஐக்கிய சங்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து வந்தால் நாற்பது நாளும் ஏதாவது ஒரு கூட்டம். மே மாதம் விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி, பிள்ளைகளைக் கொண்டுவிட ஆட்டோவும் வேனும். டிசம்பரில் வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட் வேன் ராத்திரி கிளம்பி விடியக்காலம் திரும்பும். 31ஆம் தேதி நடுராத்திரி ஆராதனை. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசன பண்டிகைக்கு அண்டாவும் அடுப்பும் இறங்குவதே அந்த பார்க்கிங்கில்தான். கல்யாணம் தனிக்கணக்கு. ஒரு குடும்பத்தின் ஆயுசுச் சேமிப்பு இது. "ஆறு நாள் காலி" என்று எழுத எப்படி மனசு வந்தது?

சமாதானபுரத்தான்:
அண்ணாச்சி, நான் சர்ச் மணிச்சத்தம் கேட்டே வளர்ந்தவன். நீங்கள் வருஷத்துக்கு ஒருமுறை வருவதையெல்லாம் வரிசையாக எழுதி தினமும் நடப்பதுபோலக் காட்டுகிறீர்கள். அசன பண்டிகை வாரா வாரமா வருகிறது? சாதாரண வாரத்தில் ஆறு நாள் காலிதான்.

இன்னொன்று. 1785ல் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோவில் இருக்கிற ஊர் இது. 1826ல் கதீட்ரல் வந்துவிட்டது. ஆராதனை முன்னே வந்தது, உங்கள் வீடு பின்னே வந்தது. பக்கத்தில் வந்து குடியேறிவிட்டுக் குறை சொல்வது எந்த ஊர் நியாயம்?

தாமிரபரணிக்கரை:
1826ல் யார் காரில் வந்தார்கள்? நடந்து வந்தார்கள், மாட்டுவண்டியில் வந்தார்கள். நான் பேசுவது பார்க்கிங் பற்றி. நான் இருந்த தெருவில் சர்ச் வளாகத்துக்குள் வேப்பமரம் நின்றது, அதை வெட்டித்தான் பார்க்கிங் போட்டார்கள். அப்போது எங்கள் வீடு கட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. அங்கே முன்னே வந்தது யார்? கோவிலைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். ஆறு நாள் கணக்கைச் சொல்லுங்கள்.

நெல்லை_மலர்:
நான் அப்படி ஒரு பார்க்கிங் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். வாரநாளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். ராத்திரி முழுக்க விளக்கு எரியும், காவலாளி உண்டு. தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது பெரிய நிம்மதி. இதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

தாமிரபரணிக்கரை:
ராத்திரி முழுக்க விளக்கு என்று நீங்களே சொல்கிறீர்கள் அம்மா. படுக்கையறை ஜன்னலில் விடிய விடிய அந்த வெளிச்சம். அதுவும் ஏழு நாள், ஆறு நாள் இல்லை.

நெல்லை_மலர்:
திரைச்சீலை என்று ஒன்று உண்டு அண்ணே.

சட்டம்_தெரிந்தவன்:
இருவரும் கவனியுங்கள். சென்னை மாதவரம் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனிக்காரர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சர்ச் ஒலிபெருக்கிதான் விவகாரம். மற்றவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000ஆம் ஆண்டே தீர்ப்பு. அதே வருஷம் வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக்கு அரசு அனுமதித்தால் நள்ளிரவு 12 வரை, அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. பிறகு எதற்கு இந்தப் பயம்?

தாமிரபரணிக்கரை:
தீர்ப்பு மைக் செட்டுக்கு ஐயா. கார் கதவை அறைந்து சாத்துவதற்குத் தீர்ப்பு இருக்கிறதா? ஆராதனை முடிந்து வாசலில் நின்று அரைமணி நேரம் குசலம் விசாரிப்பதற்கு இருக்கிறதா? காலை நாலு மணி ஈஸ்டர் ஆராதனைக்கு வண்டிகள் வரிசையாக ரிவர்ஸ் எடுக்கும்போது 45 டெசிபல் என்று எந்த ஸ்டேஷனில் போய்ச் சொல்வது?

பத்திரக்காரர்:
சத்தத்தை விடுங்கள். அந்தக் காலி இடம் எத்தனை நாள் காலியாக இருக்கும் என்று யோசித்தீர்களா? இன்றைக்கு பார்க்கிங், நாளைக்கே சமுதாயக்கூடம் கட்டலாம். "காத்து வருகிறது, வெளிச்சம் வருகிறது" என்று வழக்குப் போட முடியாது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் இடைவிடாமல் அனுபவித்திருந்தால்தான் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உரிமை கேட்கலாம். புது வீட்டுக்கு அது கிடையாது. தம்பி முதலில் புல வரைபடம் வாங்கி சர்வேயரை வைத்து அளக்கட்டும். மதில் யாருடையது என்று பத்திரத்தில் பார்க்கட்டும். பத்திரச் செலவே முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் போய்விடும். பிடிக்கவில்லை என்று மறுவருஷம் விற்றால் அந்தப் பணம் திரும்பாது.

சமாதானபுரத்தான்:
பத்திரக்காரரே "காலி இடம்" என்றுதான் சொல்கிறார். பார்த்தீர்களா?

தாமிரபரணிக்கரை:
அவர் சொன்னது கட்டடம் இல்லாத இடம் என்று. வண்டி இல்லாத இடம் என்றா சொன்னார்? நீங்கள் எதையும் இப்படித்தான் உங்கள் வசதிக்கு வளைப்பீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்னால் "வண்ணார்பேட்டையில் தண்ணீர் ஏறவே ஏறாது" என்று இங்கே எழுதியவர் நீங்கள்தானே? அந்த மாதம் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று ஊரே பார்த்தது.

சமாதானபுரத்தான்:
நான் சொன்னது மேட்டுப்பகுதியை. பழைய கணக்கை எடுக்கிறீர்கள் என்றால் இப்போதைய கேள்விக்குப் பதில் இல்லை என்று அர்த்தம். உங்களுக்கு எங்கள் சபை மேல் காட்டம், அதை பார்க்கிங் மேல் காட்டுகிறீர்கள்.

தாமிரபரணிக்கரை:
காட்டம் எதற்கு என்று சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவுக்கு மூச்சு முட்டியது. கார் எடுக்க ஓடினால் எங்கள் வாசலை அடைத்து ஒரு வண்டி. உள்ளே போய் வண்டி எண்ணை மைக்கில் சொல்லச் சொன்னேன். பிரசங்கம் நடக்கிறது, முடியட்டும் என்றார்கள். அப்பாவைத் தோளில் தாங்கி மெயின் ரோடு வரை நடத்திக்கொண்டுபோய் ஆட்டோ பிடித்தேன். அவர் பிழைத்தார், நல்லவேளை. பார்க்கிங் நிறைந்தால் மிச்ச வண்டி எங்கே நிற்கும்? நம் வாசலில்தான். அதற்கு பார்க்கிங் பக்கத்தில் வீடு இருக்கக்கூட வேண்டாம், தெருவில் இருந்தாலே போதும்.

நெல்லை_மலர்:
அது கஷ்டம்தான் அண்ணே. ஆனால் எங்கள் சர்ச்சில் வாலிபர் சங்கப் பையன்கள் நின்று வண்டியை ஒழுங்கு பண்ணுகிறார்கள். எல்லா இடமும் ஒன்றல்ல.

சமாதானபுரத்தான்:
அப்பா விஷயத்துக்கு எனக்கும் வருத்தம். ஆனால் அது நடந்தது ஞாயிற்றுக்கிழமை. நானும் ஞாயிறு என்றுதான் சொன்னேன்.

தாமிரபரணிக்கரை:
இதற்கு மேல் என்ன சொல்ல! உங்களுக்கு அப்பாவை விட அந்த ஆறு நாள் கணக்கு பெரிதாகப் போய்விட்டது.

வீடுதேடி:
கேள்வி கேட்டவன் நான்தான். பக்கத்துத் தெருவில் இதே அளவு வீட்டைவிட இது சென்டுக்கு விலை குறைவு. உரிமையாளர் வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். மதில் பொதுச்சுவர் என்று பத்திரத்தில் இருக்கிறது, அது பரவாயில்லையா?

பத்திரக்காரர்:
பொதுச்சுவர் என்றால் உயர்த்தவோ இடிக்கவோ அவர்கள் சம்மதம் வேண்டும் தம்பி. முன்பணம் கொடுக்கும் முன் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

தாமிரபரணிக்கரை:
விலை ஏன் குறைவு என்று யோசியுங்கள் தம்பி. ஆறு நாள் காலி மைதானமும் காத்தும் உண்மை என்றால் விலை கூடத்தானே வேண்டும்? வெள்ளிக்கிழமை முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா, உபவாசக் கூட்டம் முடிகிற நேரமாகப் பார்த்துப் போய் அந்தத் தெருவில் நில்லுங்கள்.

சமாதானபுரத்தான்:
உபவாசக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் பக்கத்துத் தெரு ஆட்கள், நடந்து வருகிறார்கள். வண்டி எங்கே வந்தது? ஆறு நாள் என்றேன், ஆறு நாள்தான். எழுதியதை எடுக்க மாட்டேன்.

தாமிரபரணிக்கரை:
பாதிப்பேர் நடந்து வந்தால் மீதிப்பேர் எதில் வருகிறார்கள்? வெள்ளி போனது, ஐந்து நாள் ஆச்சு. சனி பாடகர் குழுவுக்கு வருவோம், சொல்லுங்கள்.