கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு எழுத வந்தவர்கள்: பார்த்ததும் தெரிந்ததும்

கட்டும் கயிறும்:
எழுத்துக்கு வரும் வக்கீல்கள் பெரும்பாலும் சறுக்குவது கேஸ் கட்டு ஒப்படைப்பில்தான். கட்டைக் கட்சிக்காரர் கையில் கொடுத்தால் கணக்கு முடிந்தது என்று நினைப்பு. வக்காலத்து, அதாவது வாதாடக் கட்சிக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், கோர்ட்டில் அப்படியேதான் கிடக்கும். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 3 ரூல் 4 படி, எழுதிக் கொடுத்து கோர்ட் அனுமதி வாங்கினால்தான் அது முடிவுக்கு வரும். அதைச் செய்யாவிட்டால் அடுத்த வாய்தாவில் யாரும் ஆஜராக மாட்டார்கள், எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுத் தரும் தீர்ப்பு, எக்ஸ்பார்ட்டி டிகிரி ஆகிவிடும். ரத்து செய்ய ஆர்டர் 9 ரூல் 13 மனு போட 30 நாள் கெடு. கட்சிக்காரர் காதுக்கு விஷயம் எட்டும்போது அதுவும் போயிருக்கும். பிறகு தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு.

புது வக்கீலின் வக்காலத்தில் பழையவர் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அசல் பத்திரங்களுக்குப் பட்டியல் போட்டு ரசீது வாங்க வேண்டும். வாங்கிய பீஸில் வேலை பார்க்காத பங்கைத் திருப்ப வேண்டும். பாக்கி பீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்கவும் முடியாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000லேயே சொல்லிவிட்டது.

சன்னது (வக்கீல் தொழில் உரிமம்):
எழுதுவதற்காகத் தொழிலை விட வேண்டியதே இல்லை. பார் கவுன்சில் ஆஃப் இந்தியா விதி 51 பத்திரிகை எழுத்து, வானொலி, சொற்பொழிவு எல்லாவற்றையும் அனுமதிக்கிறது. முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால்தான், வக்கீல் தொழிலை நிறுத்தச் சொல்லும் விதி 49 குறுக்கே வரும். அப்போது மாநில பார் கவுன்சிலுக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்து, அசல் என்ரோல்மென்ட் சான்றிதழையும் சேர்த்து அனுப்ப வேண்டும். திரும்ப வர ஆசைப்பட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மனு. அதனால் அனுப்பும் முன் நகலும், தபால் ரசீதும் பத்திரம்.

ஏட்டுச்சுவடி:
சம்பள வேலை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொழிலை விட்ட பெரியவர்கள் ராயல்டியை நம்பிக் குதிக்கவில்லை. தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீலாக இருந்தவர், 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதியின் பதிப்பாசிரியர் ஆனார். எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தி கும்பகோணத்தில் வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரி. மணிக்கொடி பத்திரிகையில் கதைகள் எழுதிய கைக்கும் மாதாமாதம் சம்பளம் வேண்டியிருந்தது. வையாபுரியின் பதிப்புகளில் வக்கீல் புத்தி பளிச்சென்று தெரியும்: எந்தச் சுவடியில் எந்தப் பாடம் (சொல்வடிவம்), காலம் சொல்ல என்ன சான்று என்று சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்.

கட்டும் கயிறும்:
வையாபுரி பழைய சுவடியைக் கிளறினார். இப்போது வருகிறவர்கள் சொந்தக் கட்டையே கிளறுகிறார்கள், அங்கேதான் வினை. கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமை தொழிலை விட்டாலும் தீராது, சட்டத்திலேயே இருக்கிறது. பெயரை மாற்றினால் போதும் என்பது தப்பு. ஊர், சர்வே நம்பர், தகராறு வந்த வருஷம் மூன்றும் இருந்தால் அந்தத் தாலுகாவே ஆளைக் கண்டுபிடித்துவிடும். கோர்ட் ஆவணத்தில் ஏறியதை எழுதலாம் என்று 1994இல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. விவாகரத்து வழக்கு என்றால் இன்னும் கவனம்: இந்து திருமணச் சட்டம் பிரிவு 22 படி அது மூடிய அறையில் நடப்பது, நடந்ததை அச்சில் ஏற்றினால் அபராதம். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை மட்டும் பிரசுரிக்கலாம், அதற்கும் கோர்ட் அனுமதி தேவை.