பொருள்: 'டீபிரீஃபிங்' – செவிலியர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

செவிலியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இதயத் துடிப்பு நின்றுபோன நோயாளியை மீட்க முயன்ற பிறகோ, பேற்றுக்குப் பின் கட்டுக்கடங்காத உதிரப்போக்கைக் கையாண்ட பிறகோ, குழுவினர் கலையுமுன் பத்து நிமிடம் கூடி நின்று, என்ன நடந்தது, எது நன்றாக அமைந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று பேசுவதே 'டீபிரீஃபிங்'. மருத்துவருக்காகக் காத்திராமல் அதைச் செவிலியரே முன்னின்று நடத்தப் பழக்குவது கையேட்டின் நோக்கம். இப்போதைக்குப் 'பின்னாய்வு' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

— மொழிபெயர்ப்பாளர்

* * *

தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டும் என்பதால் 'பின்னாய்வு' புணர்ச்சியில் வழுவவில்லை, காதில்தான் வழுவுகிறது. நோயாளி இறந்த அறையின் வாசலில், உறவினர் நிற்கும்போது, 'பின்னாய்வுக்கு வாருங்கள்' என்று ஒருவர் அழைத்தால், றன்னகரமும் (ன) டண்ணகரமும் (ண) ஒன்றாகிவிட்ட நம் பேச்சில் அது எப்படி ஒலிக்கும்?

'உசாவல்' என்று ஆளலாம். 'உசாவே சூழ்ச்சி' என்பது தொல்காப்பிய உரியியல். சூழ்ச்சி என்பது அங்கே ஆராய்ந்து எண்ணுதல். உள், உள்ளம், உன்னுதல் என்பவற்றோடு உசாவுதலும் உகரச் சுட்டில் பிறந்ததாகவே கொள்கிறேன். 'விசாரணை'யும் இதிலிருந்து போனதே என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் நிறுவுவேன்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

'விசாரணை' வி என்னும் முன்னொட்டும் சர் என்னும் வினையடியும் சேர்ந்த வடசொல், ஐயா. தனி மடல் வேண்டாமே.

— அகராதிப் பணியாளர்

* * *

வேர் எதுவானாலும், 'உசாவல்' என்றதும் எங்கள் செவிலியர் காதில் விழப்போவது விசாரணைதான், ஐயா. தவறு யாருடையது என்று கேட்கப் போகிறார்கள் என்ற அச்சம் வந்துவிட்டால் இளையவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். 'இது எவரையும் மதிப்பிடுவதற்கன்று' என்று சொல்லித் தொடங்குவதையே நடத்துபவருக்கு முதலில் கற்றுத் தருகிறோம். அடுத்தது கேள்வி கேட்கும் முறை. 'ஏன் தாமதித்தாய்?' என்று கேட்பதில்லை. '3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டிய அட்ரினலின், இரண்டாம் முறை பிந்தியதைக் கவனித்தேன். அந்த நேரத்தில் உங்களுக்கு நிலைமை எப்படித் தெரிந்தது?' என்று, தாம் கண்டதைச் சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். மருந்து அலமாரியின் பூட்டு திறக்கவில்லை என்ற செய்தி அப்போதுதான் வெளியே வரும். மேலும், சூழ்ச்சி என்ற சொல் இன்று பட்டிருக்கும் பாட்டைத் தாங்களே அறிவீர்கள்.

— செவிலியர் பயிற்றுநர்

* * *

அதிர்ந்து நிற்பவரைத் தேற்றுவதும் இதில் அடங்குமன்றோ? 'ஆற்றுதல் என்பதொன்று அலந்தவர்க்கு உதவுதல்' என்கிறது கலித்தொகை. செயலாற்றுதல், துயராற்றுதல் இரண்டையும் தழுவும் 'ஆற்றுரை' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

— கவிதை வாசகர்

* * *

அழகான சொல், அந்த அழகே இங்கு இடர், அம்மா. 1983-இல் அவசரகால ஊழியர்களுக்காக முன்வைக்கப்பட்ட மன அழுத்த 'டீபிரீஃபிங்' வேறு வகையானது. ஒரே அமர்வில் அனைவரையும் மனம் திறக்கச் செய்வது பின்னாளைய உளக்காயத்தைத் தடுப்பதில்லை என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டியபின், அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கும் வழக்கம் கைவிடப்பட்டு வருகிறது. கலங்கியவரைத் தனியே கவனித்து உரிய உதவிக்கு அனுப்ப வேண்டுமே தவிர, பத்து நிமிடத்தில் அழவைத்து அடுத்த படுக்கைக்கு அனுப்பக் கூடாது. பெயரில் ஆறுதல் இருந்தால் நடத்துபவர் அதைத்தான் செய்ய முற்படுவார்.

எங்கள் வகுப்பில் எவரும் கற்றுத்தராமலே புழங்கும் சொல் 'அலசல்'. நிகழ்ந்த உடனே செய்வதைச் 'சுடச்சுட அலசல்' என்றும், சில நாள் கழித்துப் பதிவேடுகளோடு செய்வதை 'ஆற அமர அலசல்' என்றும் பிரித்துச் சொல்லவும் முடிகிறது.

— செவிலியர் பயிற்றுநர்

* * *

அலசுதல் துணிக்கு உரியது. மிஞ்சினால் தேர்தல் முடிவுக்கு. பாடநூலில் அரட்டை வாடை அடிக்கும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

துணியை அலசினால் அழுக்குப் போகும், துணி மிஞ்சும், ஐயா. உவமை பொருந்தித்தான் வருகிறது.

— அகராதிப் பணியாளர்

* * *

நாளை வெள்ளி. 'குழு அலசல்' என்றும், நடத்துபவரை 'நெறியாளர்' என்றும் எழுதி அனுப்புகிறேன். அத்தியாயத் தலைப்பில் மட்டும் 'டீபிரீஃபிங்' என்பதும் உடன் நிற்கும். மூவர் ஒப்பினர், ஒருவர் மறுத்தார், கவிதை வாசகர் பதில் எழுதவில்லை.

— மொழிபெயர்ப்பாளர்

* * *

மறுத்தவன் மறுத்தபடியே இருக்கிறேன். விசாரணை பற்றிய மடல் ஞாயிறன்று வரும்.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்