புலாவ் உபின்: டீசல் எஞ்சினை 10 சதவீதத்தில் ஓட்டலாமாம்!

கடல்காகம்: நேற்று சிங்கப்பூரின் உபின் தீவு மின்சாரம் பற்றி சோலார்_சேது போட்ட பதிவைப் பார்த்தீர்களா? "உபினில் வெயில் அடிக்கும்போது ஜெனரேட்டரை 10 சதவீத லோடில் (மின்சுமையில்) போட்டுவைத்தால் போதும், மிச்சத்தை சோலார் பார்த்துக்கொள்ளும்" என்கிறார். 10 சதவீதமா? 30 சதவீதத்துக்குக் கீழே நாள்கணக்கில் ஓட்டினால் சிலிண்டர் சூடேறாது, எண்ணெய் முழுசாக எரியாது, எக்ஸாஸ்ட் மூட்டில் தார் மாதிரி கறுப்பாக ஒழுகும். கப்பலில் அதைத் துடைத்தவன் சொல்கிறேன்.

சோலார்_சேது: அண்ணே, உபின் கப்பல் இல்லை. 2013லேயே அங்கே பயோடீசலையும் சோலாரையும் சேர்த்து மைக்ரோகிரிட், அதாவது அந்த இடத்துக்கென்றே ஒரு சின்ன மின்வலை, வந்தாச்சு. 30 சதவீதம் உங்கள் காலத்துக் கணக்கு. இப்போது குறைந்த லோடுக்கென்றே எஞ்சின் விற்கிறார்கள்.

கடல்காகம்: விற்பார்கள். 30 சதவீதம்.

பொங்கோல்வாசி: எதில் 30? ஓர் எஞ்சினின் திறனிலா, தீவின் மொத்தத் தேவையிலா? அதைச் சொல்லிவிட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

சோலார்_சேது: டாஸ்மேனியா பக்கம் கிங் தீவில் நல்ல காற்றடித்தால் டீசலை முழுக்கவே அணைத்துவிடுகிறார்கள். பூஜ்யம் அண்ணே, பூஜ்யம்! எங்கே உங்கள் 30?

கடல்காகம்: அணைப்பது வேறு, அரைகுறையாக ஓட்டுவது வேறு தம்பி. அங்கே ஃப்ளைவீலும் (சுழன்றே ஆற்றலைச் சேமிக்கும் கனச் சக்கரம்) பேட்டரியும் எதற்கு வைத்திருக்கிறார்கள், அழகுக்கா? மேகம் வந்து சோலார் சடாரென்று இறங்கினால் அந்த நொடியே மின்சாரத்தின் ஃப்ரீக்வென்சியை (அதிர்வெண்ணை) விழாமல் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். பேட்டரி இல்லையென்றால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடினால் அந்த எஞ்சினின் திறனில் 30 சதவீதத்துக்கு மேல் ஓட வேண்டும். அதற்காக சோலாரைக் குறைக்க வேண்டி வந்தாலும் குறைக்கத்தான் வேண்டும். பட்டம் வாங்கியவர்களுக்கு இது பாடத்தில் வரவில்லையோ?

சோலார்_சேது: பட்டத்தை ஏன் இழுக்கிறீர்கள்? முன்பு ஏர்கான் வாயு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், பதில் இல்லாதபோது என் படிப்புக்குப் போனீர்கள்.

தேக்கா_டீ: மின்சாரத்தை விடுங்கப்பா. உபினுக்குப் போக சாங்கி முனையில் 12 பேர் சேரும்வரை படகுக்குக் காத்துக் கிடக்கிறோமே, அதற்கு யார் பதில் சொல்வது?

பொங்கோல்வாசி: வார இறுதியில் போங்கள், உடனே சேரும்.

தேக்கா_டீ: வார இறுதியில் வேலை செய்கிறவன் எப்போது போவது? எல்லாருக்கும் ஆபீஸ் வேலையா?

கடல்காகம்: படகுக்குத் தனி இழை திறங்கள். ஏர்கான் விவாதத்திலும் நான்தான் சரி, அது அப்புறம். சேது, 10 என்று எழுதியதற்கு ஆதாரம் எங்கே?

சோலார்_சேது: நாளை கேட்லாக்கை ஏற்றுகிறேன்.

கடல்காகம்: விற்கிறவன் அடித்த கேட்லாக் வேண்டாம். பராமரிப்புக் கையேட்டைப் போடுங்கள், குறைந்தபட்ச லோடு போட்டிருக்கும் பக்கத்தோடு.

சோலார்_சேது: முதலில் உங்கள் 30க்குப் பக்கத்தைக் காட்டுங்கள், அண்ணே.