பழைய பதிவேட்டிலோ பத்திரிகையிலோ உங்கள் வீட்டு ஆளைக் கண்டுபிடித்தவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

போளூரான்:
கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் தென்னாப்பிரிக்காவில் டர்பன் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். ஆளும் திரும்பவில்லை, கடிதாசியும் இல்லை. செத்த நாள் தெரியாததால் மகாளய அமாவாசையில் அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடுவார்கள். டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேட உட்கார்ந்தேன். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம் என்று போகும். முனுசாமியை மூன்சாமி என்று எழுதியிருக்கிறான், அந்த மூன்சாமிகளே முடிவில்லாமல் வருகிறார்கள். கடைசியில் ஒருவர் மாட்டினார். வட ஆற்காடு ஜில்லா, போளூர், ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மட்டும் தப்பு, தகப்பன் பெயர் சரி, வயது 22, கப்பல் உம்லாசி. அதுவரைக்கும்கூட 'இருக்கலாம்' என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்க அடையாளக் கட்டத்துக்கு வந்தால், இடது கணுக்காலுக்கு மேலே தழும்பு என்று எழுதியிருக்கிறது.

கவலை ஓட்டும்போது, அதாவது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது, வடக்கயிறு காலில் சுற்றி எலும்பு தெரிய அறுத்துவிட்டது என்று அவரைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லுவார். ஆனால் எந்தக் கால் என்று சொன்னதாக ஞாபகமே இல்லை. இப்போது கேட்க அவரும் இல்லை. சோறு தின்னும்போதுகூட அந்தக் கால்தான் கண்ணில் நிற்கிறது.

ஆவணப்பித்தன்:
போளூரான், தழும்பை வைத்தெல்லாம் முடிவு கட்டாதீர்கள். ஏரும் கவலையும் ஓட்டியவர்களில் எவர் காலில் தழும்பு இல்லை? 1860இல் ட்ரூரோ கப்பல் போனதிலிருந்து 1911இல் ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை நேட்டாலுக்குப் போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஓடியவர்கள் அப்பன் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொன்ன கதை ஏகப்பட்டது. குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் எழுதினான்.

என் கதை சின்னது. மொரீஷியஸிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் அங்கே மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனத்தில் எடுத்த நகலைக் காட்டினார், அதில் படமும் இருந்தது. அச்சு அசலாக என் பெரியப்பா. அதே ஒட்டிய கன்னம், அதே முறைப்பு. ஆனால் காகிதத்தில் இருக்கும் ஊர் எங்கள் ஊரே இல்லை. இன்றுவரை ஒன்றும் புரியவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பெயரை விட்டுவிட்டு ஊரையும் தகப்பன் பெயரையும் வைத்துத் தேடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கும்பலாகப் போவார்கள், அதனால் அடுத்தடுத்த எண்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள், பங்காளியோ மாமனோ மச்சானோ மாட்டுவார்கள். வட ஆற்காடு என்று இருந்தால் உடனே வேலூர், திருவண்ணாமலை என்று ஓடாதீர்கள், 1911 வரை இன்றைய சித்தூர்ப் பக்கமும் அதில்தான் இருந்தது. அவருடைய எண் கிடைத்துவிட்டது என்றால் அடுத்தது பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம். அங்கே இறந்தவர்களின் சொத்துக் கோப்புகள் இருக்கின்றன, ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருந்தவருக்குக்கூடக் கோப்பு இருக்கும், அதில் பெண்டாட்டி பிள்ளைகள் பெயர் வரும். 1895 சட்டத்துக்குப் பிறகு போனவர் என்றால் ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க வருஷத்துக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும், அதனால் தங்கினாரா, மறுபடி ஒப்பந்தம் போட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும். ஜில்லாப் பெயர்களுக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமானால் தருகிறேன்.

ஈப்போ பேத்தி:
என் பாட்டியின் அப்பா ரயில் தண்டவாள வேலையில் அடிபட்டு இறந்தார். 1920களில், ஈப்போ பக்கம். பாட்டிக்கு அப்போது விவரம் தெரியாத வயது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இலவசமாகப் போட்டிருக்கிறது இல்லையா, மலாயாப் பேப்பர்களும் அதில் உண்டு. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடினேன். பாட்டி சொன்ன மாதம், பாட்டி சொன்ன ஸ்டேஷன், நாலே வரிச் செய்தி: தண்டவாளத்தில் நின்ற ஒரு தமிழ்க் கூலி ரயில் மோதி இறந்தான். பெயர் இல்லை. அதே பக்கத்தில் குதிரைப் பந்தய முடிவு போட்டிருக்கிறான், ஓடின அத்தனை குதிரைக்கும் பெயர் இருக்கிறது, ஓட்டினவன் பெயர், முதலாளி பெயர், எத்தனை பவுண்டு எடை சுமந்தது என்பது வரைக்கும்.

ஆவணப்பித்தன் அண்ணா, தகப்பன் பெயரை வைத்துத் தேடு என்கிறீர்கள். எங்களுக்கு ஆளின் பெயரே அச்சில் ஏறவில்லை. கங்காணி, அதாவது ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு நேட்டால் மாதிரி தலைக்கு ஒரு வரி எழுதி வைத்த பட்டியலும் கிடையாது. தழும்பாவது கிடைத்ததே என்று போளூரான் சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும்.

எம்டன் பேரன்:
தாத்தா பள்ளிக்கூடச் சான்றிதழில் பிறந்த தேதி 1 ஜூலை 1918. பாட்டியோ, "எம்டன் குண்டு போட்டு பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடினப்போ பிறந்தவர்டா" என்பார். பரணில் ஜாதகம் கிடைத்தது. ஆனந்த வருஷம், புரட்டாசி. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வந்தது 22 செப்டம்பர் 1914. பாட்டி ஜெயித்தார். வருஷப் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும்.

மருதம்:
நீங்கள் எல்லாம் ஆண்களைத் தேடுகிறீர்கள். பட்டா, சிட்டா, செட்டில்மெண்ட் ரிஜிஸ்தர் எதை எடுத்தாலும் அப்பன், மகன், பேரன்தான். எங்கள் கொள்ளுப்பாட்டியை வீட்டில் எல்லோரும் 'பெரியாயி' என்றுதான் சொன்னார்கள், பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு நிலத் தகராறுக்காகப் பத்திர ஆபீசில் மூலப்பத்திரம் தேட வேண்டி வந்தது. இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகான வில்லங்கம்தான் வரும், அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அவர்கள் இன்று வா நாளை வா என்று இழுத்தடித்த கதையை விடுங்கள். நகல் வந்தது. ஆங்கீரஸ வருஷம், அதாவது 1932. "காலஞ்சென்ற" என்று ஆரம்பித்துக் கொள்ளுத்தாத்தா பெயர், அதற்கப்புறம் "பெண்சாதி, சுமார் 30 வயது", அப்புறம் அவருடைய பெயர். என்ன காரணத்துக்கு விற்கிறார் என்றும் எழுதியிருக்கிறது: என் புருஷர் கருமாதிச் செலவுக்கும் மைனர் மகன் சம்ரக்ஷணைக்கும். கீழே "இவள் கைநாட்டு". நகல் என்பதால் அந்த ரேகை இல்லை, எழுத்தர் எழுதின வார்த்தை மட்டும்தான்.

பெயரை இங்கே போடப் போவதில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா அதை ரெண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆவணப்பித்தன்:
மருதம் அக்கா, ரேகை தனிப் புத்தகத்தில் இருக்கும். அதற்கும் மனுப் போட்டுப் பார்த்திருக்கலாமே?

மருதம்:
போட்டேன் தம்பி. "அது எதுக்கும்மா உனக்கு" என்று கேட்டார்கள்.

வடமராட்சி:
எங்கட பக்கத்தில் பதிவேடு எவ்வளவு மிஞ்சியது என்பது 1981இல் யாழ் நூலகம் எரிந்ததைப் பார்த்த ஆட்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு இடப்பெயர்வுகள் வேறு. ஆனால் எங்களிடம் ஒன்று இருக்கிறது, கல்வெட்டு. இந்தியாவில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், கல்லில் வெட்டியது அல்ல, செத்தவரின் 31ஆம் நாளுக்கு அடித்துக் கொடுக்கிற நினைவு மலர். தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, அப்புறம் கடைசிப் பக்கங்களில் வம்சாவளி. 'நூலகம்' என்ற ஈழத்து இணையத் தளத்தில் ஏராளமாகப் போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவரின் மலரைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தேன், வம்சாவளியில் என் அம்மம்மாவின் பெயர். அவவின் பிள்ளைகள் என்று கோடு போட்ட இடத்தில் என் அம்மாவுக்கு மேலே இன்னொரு பெயர், ஆண்பிள்ளை. நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

ரொறன்ரோவில் இருக்கிற அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன். மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தவ. "ஓம், அண்ணா ஒருத்தர் இருந்தவர்" என்றுவிட்டு, "அங்க மழையோ?" என்று கேட்டா. அதற்குமேல் நானும் கேட்கவில்லை.

ஆவணப்பித்தன்:
வடமராட்சி, அந்த மலரை அடித்தவர்களின் குடும்பத்தைத் தேடிப் பிடியுங்கள். வம்சாவளி எழுதினவர் யாரோ ஒரு பெரியவராக இருப்பார், அவரிடம் கைப்பிரதி நோட்டு நிச்சயம் இருக்கும், அச்சில் வராத பெயர்களும் அதில்தான் இருக்கும். உயிரோடு இருக்கும்போதே போய்ப் பாருங்கள். போனில் படம் எடுக்காதீர்கள், ஸ்கேன் பண்ணுங்கள், பக்க எண் விடாமல், அட்டையையும் சேர்த்து.