அரசு மேல்நிலைப் பள்ளியில் தேர்ச்சி இறங்கிவிட்டது, மகளை ஆறாவதில் சேர்க்கலாமா?

தறிவீடு:
சேலம் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. தறி ஓட்டுகிறேன். மகள் அஞ்சாவது முடித்துவிட்டாள். நான் படித்த அரசுப் பள்ளியில் அப்போது ஆறாம் வகுப்பே மூன்று செக்‌ஷன். இப்போது ஒன்றுகூட நிறையவில்லை. இந்த வருசம் பத்தாவது தேர்ச்சியும் சரிந்துவிட்டது. பக்கத்து மெட்ரிக் பள்ளி வாசலில் நூறு சதவீதம் என்று பேனர். கடன் வாங்கியாவது அங்கே சேர்க்கச் சொல்கிறார்கள் வீட்டில். வழி சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
தம்பி, முதலில் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். முப்பது பேர் எழுதி மூன்று பேர் தவறினால் 90 சதவீதம். ஒரு பையன் தவறினாலே மூன்று சதவீதம் இறங்கும். மெட்ரிக்கில் வேறு கேள்வி கேளுங்கள்: ஒன்பதாவதில் இருந்தவர்களில் எத்தனை பேர் அங்கேயே பத்தாவது எழுதினார்கள்? ஒன்பதாவது முடிந்ததும் டி.சி. கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் வருசா வருசம் என் வகுப்புக்கு வருவார்கள். பின்னமே தெரியாது. மார்ச்சுக்குள் 35 வாங்க வைக்க வேண்டும். அவர்கள் தேறியதுதான் என் உத்தியோகத்தில் எனக்குப் பெருமை.

கவலைப்பட வேண்டியது வேறு. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். பிள்ளைகள் குறைந்தால் ஒருவரை உபரி என்று கணக்கெடுத்து வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் அறிவியல் எடுப்பவரே கணக்கும் எடுப்பார். தேர்ச்சி இன்னும் இறங்கும். அதைப் பார்த்து மேலும் சில குடும்பங்கள் டி.சி. கேட்டு நிற்கும். அதனால் பாடத்துக்குப் பாடம் ஆள் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். இருந்தால் தயங்காதீர்கள்.

பள்ளிக்குழு அம்மா:
அண்ணா, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு. பெண் பிள்ளைகள் கல்லூரி போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இப்போ மெட்ரிக்குக்கு மாற்றினால் ரெண்டும் கைவிட்டுப் போயிடும். என் பெரியவள் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அந்த ஆயிரத்தைத்தான் வெச்சிருக்கா.

எங்க பள்ளியில் இயற்பியலுக்கு ஆளே இல்லாம கிடந்தது. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தானே, தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அலைய வெச்சாங்க. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னாடி தற்காலிக ஆசிரியர் வந்துட்டார்.

தறிவீடு:
நன்றி சார், நன்றிம்மா. பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். கணக்குக்கு ஆள் இருக்கிறார், ஆங்கிலத்துக்கு இல்லை. தமிழ் வழியா, ஆங்கில வழியா என்று கேட்டார்கள். ரெண்டும் ஒரே அறையில்தான் நடக்கிறதாம்.

கணக்கு வாத்தியார் (ஓய்வு):
ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்றால் தமிழ் வழியே போடுங்கள். கணக்கும் அறிவியலும் அதில்தான் அவளுக்குச் சீக்கிரம் பிடிபடும். ஆங்கிலத்துக்கு ஆள் கேட்டு அடுத்த குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள்.